மாப்பிள்ளைக் காரில் குதிக்கால் பயிற்சி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் என் தோட்டத்து வாழை வாசலில் நிற்காத கலியாணத்தை நீர்வேலியில் யாரும் கலியாணமாக மதித்ததில்லை.

என் இளைய மகளுக்கு மூளைவாதம். ஐந்து வயதாகியும் கால் விறைத்து, குதிக்கால் நிலத்தில் படாது. யாழ்ப்பாணத்தில் மாதமொருநாள் பிசியோதெரபி கிளினிக். சைக்கிளில் இருத்தினால் விறைத்து வழுகிவிடுவாள். போர்த்தடையால் பெற்றோல் வராத காலம். இரண்டு தடவை தவறிவிட்டது. இனியும் விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்றிருந்தார்கள். சில துளி பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊரின் ஒரே காரோ, கிளினிக் நாளான அன்று யாழ்ப்பாணத்துக்குப் பொம்பிளை வீடு போகும் மாப்பிள்ளைக்கு.

பொம்பிளை வீட்டு வாசலில் கட்டவேண்டிய குலைவாழை இரண்டும் என்னிடம் இருந்தன. காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ரை பிள்ளை ஏறினால்தான் வாழை ஏறும்."

"உது என்ன அநியாயம் அண்ணை? நல்ல நேரம் போகுது!" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"அப்ப கெதியா ஏத்துங்கோ."

மாப்பிள்ளையே மகளை மடியில் வாங்கினான். வாழையைக் காரின் கூரையில் கட்டிவிட்டு நானும் ஏறினேன். அவள் அவனுடைய தலைப்பாகைக் குஞ்சத்தைப் பிடித்தாள். பிடித்தால் அவளுக்கு விடவராது.

ஆஸ்பத்திரி வாசலில் பிசியோதெரபி அம்மா சைக்கிளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"கிளினிக் முடிஞ்சுது. அடுத்த மாதம் வாங்கோ."

"எஞ்சினை நிப்பாட்டேலாது! திரும்பக் கிளப்ப ஒரு துளி பெற்றோலும் இல்லை!" என்று கத்தினான் சாரதி.

மாப்பிள்ளை சரிந்த தலையோடு எட்டிப் பார்த்தான். "அம்மா, ஏறுங்கோ. இவ குஞ்சத்தை விட்டால்தான் நான் தாலி கட்டலாம்."

"இழுக்காதையுங்கோ தம்பி, இன்னும் இறுகும்," என்றபடி அவர் ஏறினார். அவருடைய சைக்கிளை வாழைக்கு மேல் கட்டினேன்.

"தம்பி, உள்ளங்கையை விரியுங்கோ. அதுதான் இப்ப நிலம்," என்றார் ஓடும் காரில் மகளின் காலைப் பிடித்தபடி.

பொம்பிளை வீட்டில் ஆராத்தித் தட்டோடு பெண்கள் காரைச் சூழ்ந்தார்கள்.

"மாப்பிள்ளை இறங்கட்டும்!"

"பொறுங்கோ, கால் இன்னும் இளகேல்லை," என்றார் பிசியோதெரபி அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தவில் முழங்கியது. மகள் திடுக்கிட்டுப் பழையபடி விறைத்தாள்.

"மேளத்தை நிப்பாட்டுங்கோ!" மாப்பிள்ளையே கத்தினான்.

தவில் நின்றது. அம்மா மகளின் முழங்காலை மெல்ல மடக்கி, பாதத்தை அழுத்தினார். குதிக்கால் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வந்து இருந்தது. குஞ்சத்தைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் தாமாகவே விரிந்தன.

"கண்டனீங்களோ? காலமையும் பின்னேரமும் உப்பிடித்தான். எங்கை, ஒருக்கா நீங்கள் செய்யுங்கோ," என்றார் என்னிடம்.

செய்தேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. எனக்கு எதுவும் அப்படித்தான். குதிக்கால் என் கையில் இளம்சூட்டோடு இருந்தது. தவில்காரர் ஓங்கிய குச்சியை இறக்காமல் நின்றார்.