கேம் இல்லாத கேமிங் லேப்டாப்

லேப்டாப் விற்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ‘எது நல்லது?’ என்று கேட்டு வருகிறவர், எதை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் படியேறுகிறார். நாம் சொல்வதை அவர் பொறுமையாகக் கேட்பது, நமக்கு விஷயம் தெரியுமா என்று சோதிக்கத்தான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடியில், கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். முன்பக்கம் விற்பதும் நான்தான், பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து பழுது பார்ப்பதும் நான்தான். அதனால் தப்பான ஆளுக்கு விற்ற சாமான் நேராக என் மடிக்கே திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதில் கேமிங் லேப்டாப்புக்குத்தான் முதல் இடம். வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் ‘வேண்டாம்’. அந்தப் பதிலை இதுவரை யாரும் வாங்கிக்கொண்டு போனதில்லை.

மெயிலுக்கு ஒரு பந்தயக் குதிரை

துறைமுகத்தில் சரக்கு ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் செல்வம் வந்தார். வேலை என்ன என்று கேட்டேன். மெயில், எக்ஸெல், கப்பல் வந்ததா போனதா என்று பார்ப்பது. ‘இருக்கதுலயே பெரிசா ஒண்ணு குடுங்க’ என்றார். பெரிசு என்றால் கேமிங் லேப்டாப்தான், அது கனம், சார்ஜரே ஒரு செங்கல், பேட்டரி மத்தியானம் வரை தாங்காது, விசிறி இரையும் என்று தொண்டை வறளச் சொன்னேன். நல்ல சரக்கை நான் பதுக்கி வைத்திருக்கிறேன் என்பது போலப் பார்த்துவிட்டு, பெரிதையே வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அலுவலகத்தில் அவர் லேப்டாப்பைத் திறந்தால், ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று மேனேஜர் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாராம். இவ்வளவு பெரிதில் மெயில் சீக்கிரம் போகும் என்று நினைத்தாராம்.

அந்த எரிச்சலில், அடுத்து கேமிங் லேப்டாப் கேட்டு வந்த இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி மிக்ஸி, கிரைண்டர் விற்று வளர்ந்தவர். புதிதாக வந்த கேமிங் லேப்டாப் ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அதன் கீபோர்டில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடுவதைத் தினமும் நின்று ரசிப்பார். அது விற்காமல் கிடப்பது அவருக்கு மனக்குறை. என் வியாபார அழகைப் பார்த்துவிட்டு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“ஏலே, உன்னைய விக்க நிறுத்திருக்கனா, வெரட்ட நிறுத்திருக்கனா?”

போர்டில் எழுதியிருப்பது

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் நாசரேத்திலிருந்து ஞானதுரை சார் மகளோடு வந்தார். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகள் பெயர் எப்சி. சென்னையில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள்தான் பேசினாள். “கட்டடத்த அப்படியே நிக்கிற மாதிரி வரையணும்ணே. எந்த நேரத்துல எந்த ஜன்னல் வழியா வெயில் எங்க விழும்னு பாக்கணும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாத்தான் ஓடுமாம்.” எனக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது. வேலை இன்னது, அதற்கு வேண்டியது இன்னது என்று சொல்கிற ஒரு ஆள்! ஓடிப்போய் அலமாரியில் இருந்ததை எடுத்து வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘கேமிங் லேப்டாப்தான் வாங்கணும், தயங்காதீங்க’ என்று சொன்னேன்.

சார் அதைத் தொடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘கேமிங்’. பிறகு கீபோர்டில் ஓடிய வெளிச்சத்தைப் பார்த்தார். “கேம் இல்லாம இதே லேப்டாப் இருக்கா தம்பி?” என்றார். இதில் கேம் எதுவும் இல்லை சார், அது வெறும் பெயர்தான் என்று திறந்தே காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் வெளியே ஏன் எழுதியிருக்கிறான் என்று கேட்டார். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அடக்கமாக ஒரு ஆபீஸ் லேப்டாப் இருந்தது. அது இந்த வேலையைத் தாங்காது என்று நான் சொன்னேன், எப்சியும் சொன்னாள். அதையே வாங்கினார். எப்சி அலமாரியைத் திரும்பிப் பார்த்தபடியே படியிறங்கினாள். சார் மட்டும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார்:

“சாராயக் கடைன்னு போர்டு போட்டுட்டு, உள்ள மோருதான் விக்கோம்னு சொன்னா, நான் எம் பிள்ளைய உள்ள அனுப்புவனா தம்பி?”

ரேடியேட்டர் பூசை

வேன் ஓட்டும் முருகேசன் தன் தம்பிக்காக ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினார். விளையாடத்தான் வாங்குகிறோம் என்று ஒளிக்காமல் சொன்ன மனிதர், அதனால் எனக்கு அவர் மேல் மரியாதை. மறுநாளே அதைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார். சந்நிதியில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் திருநீற்றை, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் சல்லடை போல இருக்கும் இடத்தில் பட்டை பட்டையாகப் பூசியிருக்கிறார். விசிறி காற்றை உள்ளே இழுக்கும் வாய் அதுதான். திறந்து பார்த்தால், உள்ளே எல்லாம் அருள். விசிறி அசையவில்லை.

எல்லாவற்றையும் துடைத்து, விசிறியை மாற்றிக் கொடுத்தேன். மூடிமேல் ஒரு பொட்டு வைத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் என்னை, தொழில் தெரியாத கிளீனரைப் பார்ப்பது போலப் பார்த்தார்:

“எந்த வண்டிக்கும் ரேடியேட்டருக்குத்தான பூசுதோம், இதுக்கு மட்டும் கூரைலயா பூசுவாங்க?”

உறை

நம்மூரில் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. கேட்டுக் கம்பி, சைக்கிள் செயின், டிவிக்குப் பின்னால் இருக்கும் ஆணி, எல்லாம் துருவேறும். அதனால் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் அதற்கு ஒரு பாலித்தீன் உறை போட்டுவிடுவோம். உப்பள முதலாளி ஒருவர் மருமகனுக்கு வாங்கிக் கொடுத்த கேமிங் லேப்டாப் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகிறது என்று கொண்டுவந்தார். கையில் வாங்கியபோதே புரிந்தது. திரையும் கீபோர்டும் மட்டும் தெரியும்படி, மீதி எல்லாவற்றையும் பாலித்தீனில் சுற்றி, இண்டு இடுக்கு விடாமல் டேப் ஒட்டியிருந்தார். பிரித்தபோது இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது.

வெப்பம் வெளியே போக வழியில்லை முதலாளி, அதனால்தான் அணைகிறது என்றேன். அவர் பிரித்துப் போட்ட பாலித்தீனை எடுத்து மடித்தார். தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன்:

“உள்ள போறதத்தான் அடச்சேன், வெளிய ஒண்ணு வரும்னு நீ சொல்லவே இல்லியே?”

லீவுக்கு வந்தவள்

எப்சி லீவில் வந்தபோது அந்தச் சாம்பல் நிற லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். முகம் வாடியிருந்தது. படம் பாதி வருவதற்குள் திரை உறைந்துவிடுகிறதாம். வகுப்பில் எல்லோரும் தங்கள் கட்டடத்தைத் திரையில் சுற்றிக் காட்டும்போது, இவள் காகிதத்தில் வரைந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தோழியின் லேப்டாப்பைக் கேட்டுக் கேட்டு வெட்கமாகிவிட்டதாம். “இத எப்படியாவது வேகமாக்க முடியுமாண்ணே?” என்றாள். மெமரி கூட்டலாம், கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் இல்லாத கிராஃபிக்ஸ் கார்டை நான் எங்கிருந்து கொண்டுவந்து செருகுவது? உள்ளதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது எனக்குக் கோபம் குறைந்திருக்கும். வேறு கோர்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பார்ப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாள். ஒரு ஸ்டிக்கருக்காக ஒரு பிள்ளையின் படிப்பு போகிறது. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன்:

“கோர்ஸ் மாத்துறது அவங்களுக்குத் தெரியாதுண்ணே. ஸ்லோவா இருக்குன்னு மட்டும் சொன்னேன், ஜெபம் பண்ணிட்டு ஆன் பண்ணுன்னு சொல்லுதாங்க.”

சீட்டுக்கட்டு

மெமரி போட்ட லேப்டாப்பை வாங்கிப்போக சார்தான் வந்தார். எந்தச் சாமானையும் ஆளின் கண் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பது என் பழக்கம். ஓட்டினேன். மெனுவைத் திறந்ததும் சார் குனிந்து பார்த்தார். ஒரு சின்னப் படத்தில் விரல் வைத்தார். “இது என்னது? ஸ்பேடா?” ஆமாம் சார், சீட்டு விளையாட்டு என்றேன். யார் போட்டது என்று கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது. எப்சி மேல் சந்தேகம் விழுந்துவிட்டது என்று புரிந்தது. “யாரும் போடல சார். வரும்போதே கூட வருது. உங்க பிள்ள இத ஒருநாளும் தொறக்கல, பாருங்க” என்று காட்டினேன். அவர் லேப்டாப்பைத் தூக்கி, கவிழ்த்து, நான்கு ஓரமும் பார்த்தார். ‘கேம்’ என்று எங்கேயும் எழுதவில்லை.

அதற்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. “சார், இதுல வரைய முடியாமத்தான் எப்சி கோர்ஸையே மாத்தப் போறா” என்று சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அலமாரியில் இருந்ததை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். இதிலும் அந்தச் சீட்டுக்கட்டு வந்தது, கடைக்கு வருகிறவர்கள் விளையாட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நான்தான் முதல் நாளே எடுத்துவிட்டேன் என்ற உண்மையையும் சொன்னேன். அந்தக் கலர் வெளிச்சத்தை மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்டார். அணைத்தேன். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அது விட்டுப்போன பசையை அவரே கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அண்ணாச்சி பில் போடும்போது, சார் என் பக்கம் திரும்பினார்:

“மோர்க் கடைன்னு போர்டு போட்டவன்தான் தம்பி சாராயம் வித்திருக்கான்.”

மூன்றாவது பீரியட் வெயில்

சில மாதம் கழித்து சார் மறுபடி படியேறி வருவதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. திரும்பி வருகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். ஆனால் அவர் கையில் லேப்டாப் இல்லை, செல்போன் இருந்தது. எப்சி அனுப்பிய படம். கோர்ஸ் மாற்றவில்லை. சாரின் பள்ளிக்கூடத்து வகுப்பறையையே புதிதாகக் கட்டுவது போல வரைந்திருந்தாள். ஜன்னலை இடம் மாற்றி, மேலே வெயில் மறைக்க ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தாள். மூன்றாவது பீரியடில் அவர் வகுப்புக் கரும்பலகையில் வெயில் அடித்து எழுத்தே தெரியாதாம். சார் சர்வீஸ் முழுவதும் அந்த வெயிலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார். அதே பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள். படத்தில் அதே நேரத்து வெயில் பெஞ்சுகள் வரைக்கும் வந்து நிற்கிறது, கரும்பலகையைத் தொடவில்லை.

நான் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணாச்சியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் கோபமாகத்தான் பேசினார்:

“போர்டுல வெயில் விழல, பாத்தீங்களா தம்பி? இதுக்குப் போயி கேம்னு பேரு வச்சிருக்கானே, படுபாவி!”

ஆக, இத்தனை வருஷத்தில் நான் மனசார விற்ற ஒரே கேமிங் லேப்டாப், விளையாட்டு என்ற சொல்லே ஆகாத ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தான்.