ஆறாவது ஈ

பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடக் கடையில் தாள் வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. சிவகாசியில் அப்பா வேலை பார்த்த அச்சாபீசில் மை சரியாக விழாமல் கழித்துப்போட்ட தாள்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் புத்தகங்கள் அப்படித்தான் சாமி படத்தையும் சோப்பு விளம்பரத்தையும் போர்த்திக்கொண்டு திரிந்தன.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் வந்த தாளில் ஈக்கள் இருந்தன. இறகும் நூலும் வைத்துக் கட்டிய ஈக்கள், வயிற்றுக்கடியில் தூண்டில் முள்ளோடு.

"வெளிநாட்டுல இத வச்சுத்தான் மீன் புடிப்பாகளாம். முங்காதாம், தண்ணி மேலயே மெதக்குமாம். இந்தப் பழைய மாதிரியெல்லாம் கட்ட இப்ப ஆளே இல்லையாம். எவரோ தேடித்தேடிச் சேத்துப் புஸ்தகம் போடுதாராம்" என்றார் அப்பா.

எங்கள் கண்மாயில் அப்போது தண்ணீரே கிடையாது, மீனுக்கு எங்கே போக? ஆனாலும் அந்த ஈக்களைக் கட்ட எங்கள் வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. காலையில் வேன் ஏறிப்போய்ப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தவள். மாசி மாதம் பக்கத்து அறை வெடித்தது. அத்தையோடு வேலை பார்த்து ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடும் அக்கா ஒருத்தி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அத்தைக்கு வலது கை வெந்தது. புண் ஆறிய பிறகும் விரல் மடங்கவில்லை என்றாள். சோற்றைக் கரண்டியால் தின்றாள். அம்மாதான் தலை பின்னிவிட்டாள். அத்தை மறுபடி வேன் ஏறுவாளா, மாட்டாளா என்பதே வீட்டில் எந்நேரமும் பேச்சு.

சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் வரும்வரை நானும் அத்தையும் மட்டும்தான். ஒருநாள் நான் வந்தபோது என் கணக்குப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றி விரித்து வைத்து, ஒரு சின்ன முள்ளில் சேலை நூலால் சேவல் இறகைக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, முடிச்சும் போட்டன!

"அத்த, கை சரியாயிருச்சா?"

"சும்மா கெட புள்ள. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள்.

நல்ல நாள் பார்த்து எல்லோரிடமும் சொல்லி அசத்தப்போகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாளில் ஐந்து ஈக்கள் முழுதாக இருந்தன. ஐந்தையும் கட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்து, சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். ஆறாவது ஈ வெட்டுப்பட்டு, வாலும் பாதிச் சிறகும்தான் மிச்சம். வெடித்த நாளிலிருந்து யாரிடமும் எதையும் கேட்காத அத்தை என்னிடம் கேட்டாள்: "மீதி யாரு புஸ்தகத்துலயாவது கெடக்கும். பாத்துட்டு வாரியா?"

சத்துணவு மணி அடித்ததும் ஒவ்வொரு வகுப்பாகப் போய் அட்டைகளைப் புரட்டினேன். பைத்தியம் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தியின் சமூக அறிவியல் புத்தகத்தில் அந்தத் தலையும் மறுபாதிச் சிறகும் இருந்தன. அவள் லேசில் தரவில்லை. என் புது ரிப்பன் இரண்டையும் பறிகொடுத்துத்தான் வாங்கினேன்.

அத்தை இரண்டு துண்டுகளையும் சோற்றுப்பசையால் ஒட்டினாள். அந்த ஈயைக் கட்ட இரண்டு சாயங்காலம் ஆனது. தண்ணீரில் விட்டதும் அது சிறகைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அந்த வருஷம் அத்தை சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் போர்மேன் வந்தார்.

"சீசன் ஆர்டர் குமிஞ்சு கெடக்கு தாயி. ஒன்னைய மாதிரி இறுக்கிச் சுத்த ஆளில்ல. வெரலு எப்புடி இருக்கு?"

"மடங்க மாட்டேங்குதுண்ணே" என்று அத்தை கையை விறைப்பாக நீட்டிக் காட்டினாள்.

"ம்ஹூம். இனி இந்தக் கை எதுக்கும் ஆகாது" என்று அவர் எழுந்தார். அம்மா கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் அத்தையின் கையையா சொல்கிறார்? நாசமாய்ப் போன என் வாய்! உள்ளே ஓடி ஆறாவது ஈயை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"எங்க அத்ததான் கட்டுனாக. போன வாரம்!"

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலை நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

"எம்புட்டு இறுக்கம்! நாளைக்கு வேன் வரும் தாயி."

அப்பா, "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று கும்பிட்டார். அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கரண்டியை எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் கையாலேயே சாப்பிட்டுவிட்டு வேன் ஏறினாள். கை சரியாகிவிட்டது என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு வேனின் பின்னாலேயே ஓடினேன். விரல் மடங்காது என்று அவள் சொன்னதெல்லாம் அந்த வேனில் ஏறாமலிருக்கத்தான் என்பது எட்டு வயதில் எனக்கு எங்கே தெரியும்? நான் கையாட்டினேன். ஜன்னலோரத்தில் இருந்த அத்தை பதிலுக்கு ஆட்டவில்லை. வலது கையை முந்தானைக்குள் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இன்னும் கொஞ்சம் வலி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.