சும்மா, சர்ச்சுல பாடுறது

மலாக்காவில், தஞ்சோங் கிளிங்கிலிருந்து தெங்கேரா வரைக்கும் எந்தத் தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டில் சாவு விழுந்தாலும், ஃபாதருக்கு அடுத்தபடியாகப் பாட்ரீசியாவுக்குத்தான் போன் வரும். "அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். பாட வந்துருங்கலா." அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெள்ளைப் புடவையை இஸ்திரி போட எடுப்பாள். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே சின்னக் கோயிலுக்கு மாதம் ஒரு தடவைதான் சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜனங்களே கூடி ஜெபமாலை சொல்லிப் பாடுவார்கள். எட்டு வயதில் அவளை முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வரவில்லை. வாயைத் திறந்தாள், வந்தது.

கல்யாணமாகி தஞ்சோங் கிளிங்குக்கு வந்த புதிதில், மலாக்கா டவுனில் ஒரு இசைக்குழுக்காரர் கல்யாண விருந்துகளில் பாட வரச் சொல்லிக் கேட்டார். கணவன் பால்ராஜ் அப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான்.

"மேடையில ஆம்பளைங்க நடுவுல நின்னு பாடுறது நம்ம குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராதுலா. சாமிக்குப் பாடு, யாரு வேணான்னா?" என்றான்.

அவள் சாமிக்கே பாடினாள்.

சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் அன்னம்மா. தெங்கேராக்காரி, பாட்ரீசியாவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். குழு முழுக்கப் பெண்கள்தான். கிட்டார் வாசிக்கும் கெல்வின் ஒருவன்தான் ஆண். பெரிய வெள்ளியன்று பாட்ரீசியா சிலுவையின் அடியில் நிற்கும் மாதாவின் புலம்பலைப் பாடும்போது கோயிலே அழும். தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றபின் ஃபிளாட்டுகளில் சிதறிப்போனவர்கள் தங்கள் வீட்டை நினைத்து அழுதார்கள். மகனைப் போலீஸ் லாக்கப்பில் பறிகொடுத்தவள் மகனை நினைத்து அழுதாள். வெளியே வந்ததும் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "என்னா பக்தி, பாட்ரீசியா!"

அது பக்தி இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொல்ல முடியாத எல்லாவற்றையும் அவள் அந்தப் பாட்டின் உச்சியில் கொண்டுபோய்க் கொட்டினாள். கோபம்தான் அதிகம். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் குரல் கிழிகிற மாதிரி ஏறி, கிழியாமல் நிற்கும். அப்படி நிற்கிற சில நொடிகளில் மட்டும் அவள் யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை.

2022இல் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி பாரத்தில் தொழில் என்ற இடத்தில் பால்ராஜ் 'சூரி ரூமா' என்று எழுதினான். குடும்பத் தலைவி. சீனப் பெண் டாக்டர் ஒருவர் நிதானமாக, மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அறுவை சிகிச்சையில் அது அடிபடலாம், அடிபடாமலும் போகலாம். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: குரலை வைத்துச் செய்கிற வேலை ஏதாவது உண்டா? டீச்சர், பாடகி, அந்த மாதிரி? இருந்தால் கோலாலம்பூருக்கு அனுப்பலாம். அங்கே அறுவையின்போதே நரம்பைக் கண்காணிக்கும் இயந்திரம் இருக்கிறது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்ரீசியா வாயைத் திறந்தாள். அதற்குள் பால்ராஜ் மலாயில் சொல்லிவிட்டான்: வேலையெல்லாம் இல்லை டாக்டர். சும்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். ஒரு நொடி காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். பாட்ரீசியா தலையை ஆட்டினாள். ஆமாம், சும்மாதான்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது தண்ணீர் கேட்டாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள். ஆறு மாதம் பேச்சுப் பயிற்சிக்குப் போனாள். காற்று கரகரப்பானது, அதற்குமேல் நகரவில்லை. இடது பக்கக் குரல்நாண் அசையவே இல்லை, இனி அசையாது என்று கடைசியில் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து மகள் ஜோனிட்டா போனில், "மா, ஒன்னுமே கேக்கல. வாட்சப்புல டைப் பண்ணுங்களேன்" என்றாள்.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும், "கட்டி கேன்சர் இல்லையே, அதுவே பெரிய கிருபை" என்றார்கள். குழுவிலிருந்து அவளை நீக்கவில்லை. திரையில் பாட்டு வரிகளைத் தள்ளிவிடும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் பாடிய வரிகளை ஒரு சின்னப் பெண் பாடினாள். சுருதி சுத்தமாக இருந்தது. பாட்ரீசியா விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்னம்மா ஒருத்திதான் ஒருநாள் பாட்ரீசியா வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து, ஆறுதல் சொல்லாமல், "போச்சேடி, எல்லாம் போச்சே" என்று அழுதாள்.

அடுத்த வருஷம் அன்னம்மா இறந்துபோனாள். "என் அடக்கத்துக்கு நீதான் பாடணும்" என்று பல தடவை சொல்லி வைத்திருந்தவள். தெங்கேராவில் அவள் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். கெல்வின் தயங்கித் தயங்கிப் பாட்ரீசியாவிடம் வந்தான்.

"ஆண்ட்டி, அன்னம்மா ஆண்ட்டிக்கு நீங்க பாடணும்னு ஆச. 2019 பெரிய வெள்ளி ரெக்கார்டிங் என்கிட்ட இருக்கு. ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

அவள் தலையசைத்தாள்.

பெட்டியை மூடும் நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்ரீசியாவின் குரல் எழுந்தது. அவள் அதை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் அந்த வெள்ளிக்கிழமை காலையில் என்ன நடந்தது என்பது ஞாபகம் வந்தது. தையல் வகுப்பு எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாள், பால்ராஜ் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினான். பாட்டின் உச்சியில் அந்தச் சிரிப்புக்கான பதில் அப்படியே இருந்தது. பச்சையான கோபம். இத்தனை தெளிவாகவா இருந்தது? இத்தனை வருஷமும் இத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கிறாள். ஒருவர் காதிலும் விழவில்லை.

சுற்றிலும் அழுதார்கள். யாரோ அவள் முதுகைத் தடவி, "என்னா பக்தி" என்றார்கள். பால்ராஜும் அழுதான்.

வீடு திரும்பும்போது, கிளேபாங் சாலை நெரிசலில் கார் நின்றபோது, அவள் கரகரத்த காற்றில் கேட்டாள். "டாக்டர் கேட்டப்ப என்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"எந்த டாக்டர்?"

"கழுத்துக்கு. எனக்கு என்னா வேலன்னு கேட்டாங்கல்ல."

பால்ராஜ் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "ஞாபகம் இல்லையே. ஏன், என்னா சொன்னேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டியது அவள்தானே. அந்த இயந்திரம் இருந்திருந்தாலும் நரம்பு பிழைத்திருக்கும் என்று யார் சொன்னது? அப்படியெல்லாம் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை.

அதன்பிறகு சாவு வீடுகளில் அந்த ரெக்கார்டிங்கையே போட ஆரம்பித்தார்கள். கெல்வின் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தான். பாட்ரீசியா சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு தமிழ்ப் பூசைக்கும் போகவில்லை.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் சீன மொழிப் பூசைக்குப் போகிறாள். "உனக்கு ஒரு வார்த்தை புரியுமா? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று பால்ராஜ் முதலில் சத்தம் போட்டான், பிறகு விட்டுவிட்டான். அவள் கடைசிப் பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. வாசலில் நிற்கும் வயதான சீனப் பெண்மணி ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டுத்தாளைச் சிரித்துக்கொண்டே நீட்டுகிறாள். பாட்ரீசியா நன்றி என்பதுபோலத் தலையசைத்து வாங்கிக்கொள்கிறாள். எல்லாரும் எழுந்து பாடும்போது அவளும் எழுந்து, படிக்கத் தெரியாத அந்தத் தாளைப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.