பக்கத்தில் ஒருத்தி

யாரோ சொல்லிக் கேட்ட கதை என்று நினைத்துவிட வேண்டாம். போன ஐப்பசியில் எனக்கே நடந்தது.

தலைப்பிரசவம். திருவிடந்தையிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். துணைக்கு ஒரு பெண் பிரசவ அறைக்குள் இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருந்தது. அம்மா கூட இருப்பாள் என்ற தைரியத்தில்தான் போனேன். வாசலில் என் வளைகாப்பு வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். என்னை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

பட்டப்பகல், மூன்று மணி. உள்ளே ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் இடுப்புக்குக் கீழே ஒரு துணி இல்லை. போர்வை கேட்டேன்.

"பெத்துக்க வந்துட்டு இன்னா வெக்கம்?" என்றாள் நர்ஸ்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"எங்கம்மாவ உள்ள வுடுங்க சிஸ்டர்."

"ஒருத்தருக்குத்தான் பர்மிஷன். அதான் பக்கத்துல ஒருத்தங்க கீறாங்களே."

பக்கத்தில் யாரும் இல்லை. நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

வலியில் கத்தினேன். "வாய மூடு" என்று தொடையில் அடித்துவிட்டுப் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்...

கால்மேல் மெதுவாக ஒரு போர்வை விழுந்தது.

கண் திறந்தேன். நர்ஸ் தூரத்தில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

காதோரம் கலகலவென்று சத்தம்... கண்ணாடி வளையல்.

என் கை வெறுங்கை.

சில்லென்று ஒரு கை என் விரல்களைப் பிடித்தது.

விடவேயில்லை... பிள்ளை அழும்வரை.

வார்டுக்கு மாற்றியதும் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "ஏன்மா வரல?"

"நீதான் வேற ஆள வெச்சிக்கினியே. வுடச் சொல்லி சண்ட போட்டேன். கதவத் தொறந்து காட்டுனாங்க. உன் கையப் புடிச்சிக்கினு நின்னுது ஒரு பொண்ணு. அதுவே வாயும் வயிறுமா..."

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஆராயியின் துடைப்பம் நின்றது.

"கை நெறைய வளையலா?"

அம்மா தலையாட்டினாள்.

"துர்காதேவி. கல்பாக்கத்துப் பொண்ணு. ரெண்டு வருசம் முந்தி, அதே டேபிள்ல. அம்மாவக் கூப்புடுங்கன்னு கத்திக்கினே போச்சு. இவங்க வுடல. புள்ளையும் உள்ளயே..."

என் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"அதுலேர்ந்து எந்தப் பொண்ணோட அம்மாவும் அந்த ரூமுக்குள்ள போனதில்லம்மா."

பிரசவ அறையிலிருந்து வேறொருத்தி அம்மாவைக் கேட்டு அலறுவது கேட்டது.

பிறகு அந்த நர்ஸின் குரல்.

"அதான் பக்கத்துல ஒருத்தங்க கீறாங்களே."