படைக்காமல் எடுத்து வைத்த பொங்கல்

1978 ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறினேன். பெரியபாளையம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. போய்ச் சேர எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

நாங்கள் கூலிக்கு ஏர் ஓட்டிய குடும்பம். அம்மா செத்த மறுவருஷம் நான் ஞானஸ்நானம் வாங்கினேன். இப்போது இரும்பாலையில் வேலை. அக்கா கன்னியம்மா பெரியபாளையத்து அம்மனை விடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மகளுக்குப் பெரியம்மை போட்டது. வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். "பயப்படாத, நான் இருக்கேன்" என்று அம்மன் தன் காதில் சொன்னதாகச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞானஸ்நானத்தன்று ஏரித் தண்ணீரில் முழுகி எழுந்தபோது நான் கேட்டதும் அதே வார்த்தைகள்தான். என் கர்த்தர் சொன்னதை ஒரு கல் எப்படிச் சொல்லும்? "பிசாசு பேசியிருக்கு" என்று கத்தினேன். மகள் பிழைத்து வேண்டுதல் முடித்த அன்று, அம்மனுக்குப் படைத்த பொங்கலைத் தந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு வந்தவன்தான்.

கவரைப்பேட்டையில் பஸ் மாறினேன். டிக்கெட் எண்பது காசு, உட்கார இடமில்லை. என் கழுத்தைப் பார்த்த கண்டக்டர் சிரித்தார்.

"இன்னா நைனா, சிலுவய மாட்டிக்கினு அம்மன் கோயிலுக்கா? சாமி ரெண்டு, டிக்கெட்டு ஒண்ணா?"

"உன் வேலையப் பாருய்யா" என்றேன்.

வழியிலிருந்த சின்ன ஊரான ஆரணி தாண்டியதும் மாட்டு வண்டிகள் வழியை அடைத்தன. ஒன்பதரைக்கு இறங்கினேன். சும்மா கிடைக்கும் வேப்பிலை, கட்டு ஒரு ரூபாய். கூசாமல் கேட்கிறார்கள். ஆற்று மணலெல்லாம் அடுப்புப் புகை. நனைந்த உடம்பில் வேப்பிலை சுற்றிய பெண்கள் கோயிலைச் சுற்றி வந்தார்கள். நான் பிறந்த ஊர்ச்சனம் போலத்தான் எல்லா முகமும் இருந்தது. எரிச்சல் வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

புளியமரத்தடியில் நாங்கள் வழக்கமாகப் பொங்கல் வைக்கும் இடத்திலேயே அக்கா இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வழி தெரிஞ்சுதாடா?"

"பஸ்ஸு வந்துச்சு, வந்தேன்."

"மூஞ்சப் பாரு, சுண்டக்கா துன்ன மாரியே இருக்குது."

மூடி போட்ட ஒரு தூக்குவாளியை என்னிடம் நகர்த்தினாள். "துன்னு. அம்மனுக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது. உன் சாமி கோச்சுக்க மாட்டாரு."

"நான் வருவேன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. வருசா வருசம் வெக்கிறேன். நீ வர்லன்னா நாய்க்குப் போவும்."

"படைச்சதுலயே குடு" என்றேன்.

"வேணாண்டா. உங்க கோயில்ல கேட்டா பேஜாரு. இதயே துன்னு."

தின்றேன். பிறகு கேட்டேன்: "அன்னிக்கு உன்கிட்ட பேசுனது இன்னா குரல்?"

"புள்ள சாவக் கெடக்குது, குரலயா பாப்பாங்க?" என்றாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நம்ம அம்மா கூப்புட்ட மாரி இருந்துச்சு" என்றாள்.

ஏரியில் எனக்குக் கேட்டதும் அம்மா குரல்தான். போதகரிடம்கூட இதைச் சொன்னதில்லை. அக்காவிடம் சொல்ல வாய் திறந்தேன். திட்டியே பழகிய நாக்கு, எழவில்லை.

மூன்று மணிக்கு ஷிஃப்ட். பன்னிரண்டரைக்கே பஸ் ஏறிவிட்டேன். பேசியது ஒருவரேதான் என்றால், இத்தனை வருஷம் நான் யாருக்காக அவளோடு பேசாமல் இருந்தேன்? ஆரணி வந்தபோது இறங்கி, திரும்ப ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று எழுந்து நின்றேன். பின்னால் இருந்தவர் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கவரைப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.