கேள்வி எழுதிய அம்மா

உள்ளாட்சித் தேர்தலின்போது, சீர்காழிப் பக்கத்துக் கிராமமொன்றில் அந்த அம்மாவுடன் ஒரு வாரம் வீடு வீடாகப் போனேன். வேட்பாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மக்களிடம் விசாரித்துக் குறித்துக்கொள்வதுதான் தன்னார்வலர்களான எங்கள் வேலை. அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, "சரியா எழுதியிருக்கேனாங்க?" என்று கேட்காமல் எந்த வாசலையும் விட்டு நகரமாட்டார்.

காலனித் தெருவில், நோயோடு கட்டிலில் கிடந்த ஒருவர் சொன்னார்: "சுடுகாட்டுக்குப் பாதை போடுவாங்களான்னு கேளுங்கம்மா. பொணத்தத் தூக்கிக்கிட்டு நடவு வயல்ல எறங்க வேண்டியிருக்கு."

அம்மா படித்துக் காட்டினார். அவர் தலையசைத்தார்.

வேட்பாளர் வந்த கூட்டத்தில் அம்மா அதை அப்படியே வாசித்தார். வேட்பாளர் சிரித்தார். "யாரு கேட்டது? எந்திரிக்கச் சொல்லுங்க."

"நேத்து அந்த வயல் வழியாத்தாங்க அவரத் தூக்கிட்டுப் போனாங்க" என்றார் அம்மா.

வேட்பாளர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஜெயிச்சதும் பாக்கலாம்" என்றார்.

அம்மா அதையும் எழுதி, உரக்கப் படித்தார். "ஜெயிச்சதும் பாக்கலாம். சரியா எழுதியிருக்கேனாங்க?"

எல்லா வாசலிலும் கேட்ட அதே குரல்தான். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வேட்பாளர் மட்டும் தலையசைக்கவில்லை.