ஓடைக்கு இந்தப் பக்கம்

ஆனிமேரிக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அருவிப் பித்து பிடித்தது. அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் காலை நடைதான். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அங்கே பழக்கமான ரோகிணி ஒருநாள், "குளத்தையே எம்புட்டு நாளைக்குச் சுத்துவீங்க? ஞாயித்துக்கிழமை எங்ககூட மலைக்கு வாங்கக்கா" என்றாள். மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஆனிமேரி, மாதா கோயில் ஞாயிற்றுப் பூசையைச் சனிக்கிழமை மாலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கணவர் தனிஸ்லாஸுக்கு நம்பிக்கையில்லை. "மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. நீ காட்டுக்குள்ள எங்கிட்டு ஏறப்போற?"

"மெதுவா ஏறுவேன். அருவி அங்கனயேதான இருக்கும்."

மெதுவாகத்தான் ஏறினார். ஆனால் பாதி வழியில் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அருவிக்கடியில் தலையைக் கொடுத்தவரை வெளியே அழைத்துவருவதுதான் மற்றவர்களுக்குப் பாடாகிவிட்டது.

அடுத்த ஐப்பசியில் பேரையூருக்கு மேற்கே உள்ள மலைக்குப் போனார்கள். கூட்டிப்போனவர் ஜெரால்ட், ரோகிணியோடு வங்கியில் வேலை பார்ப்பவர். வழியில் ஓர் ஓடை. கணுக்கால் நனையச் சிரித்துக்கொண்டே தாண்டினார்கள். நடுவிலிருந்த பாறையில் உட்கார்ந்து ரோகிணி படம்கூட எடுத்துக்கொண்டாள். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினால், அதே ஓடை செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு ஓடியது. பாறையைக் காணோம். அவர்கள் இருந்த இடத்தில் ஒரு பொட்டு மழையில்லை. உச்சியில் எங்கோ கொட்டியிருந்தது.

"கை கோத்துப் போயிரலாம். இருட்டுறதுக்குள்ள ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டத் தாண்டணும்" என்று ஜெரால்ட் தடியை ஊன்றி இறங்கினார். ஓடை தடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ரோகிணி அழத் தொடங்கினாள்.

ஆனிமேரி கரை மேட்டில் உட்கார்ந்தார். "மேல வாங்க தம்பி. நானும் இறங்கமாட்டேன், ஒருத்தரையும் இறங்க விடமாட்டேன்."

"இருட்டிட்டா என்னக்கா செய்றது?" என்றார் ஜெரால்ட்.

"எல்லாரும் ஒண்ணா இங்கயே உக்காந்திருப்போம். செக்போஸ்ட்ல திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

குரல் உயரவில்லை. தனிஸ்லாஸ் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. ஆனாலும் இறங்கக்கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பையிலிருந்த எலுமிச்சம் சோற்றைப் பங்கு வைத்தார். "அந்தப் பாறை முழுசா வெளிய தெரியட்டும். அப்புறம் போவோம்." ஜெரால்ட் மேலேறி வந்து சோற்றை வாங்கிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பாறையின் உச்சி தெரிந்தது. ரோகிணி எழுந்துவிட்டாள். "இன்னுங் கொஞ்சம்" என்றார் ஆனிமேரி. பாறை மொத்தமும் வெளியே வந்தபிறகே கை கோத்துக் கடந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. செக்போஸ்ட்டில் கிடைத்த திட்டை, சொன்னபடி ஆனிமேரியே முன்னால் நின்று வாங்கிக்கொண்டார்.

வேனில் ஜெரால்ட் சொன்னார்: "இனிமே போறதா, இருக்கிறதான்னு நீங்க சொல்லுங்கக்கா. நாங்க கேக்குறோம்."

"சரி" என்றார் ஆனிமேரி. எனக்கென்ன தெரியும் என்றெல்லாம் இழுக்கவில்லை.

இப்போது தனிஸ்லாஸும் அடிவாரம்வரை வருகிறார். வேனில் படுத்துத் தூங்குகிறார். போன மாசியில் போனபோது அருவி நூலாகத்தான் விழுந்தது. "இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்று சலித்துக்கொண்டாள் ரோகிணி.

"ஒரு ஆளு நனையப் போதும்" என்று ஆனிமேரி அதனடியில் போய் நின்றார். "மத்தவங்க வரிசையில வாங்க."